மூன்றாம் வரியும் நான்காம் வரியும்: எமிலி டிக்கின்சனைத் தமிழாக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மொழிபெயர்ப்பாளர்களுக்கும், அவர்களை அச்சில் ஏற்றும் பதிப்பக, சிற்றிதழ் நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் கவிஞன் இல்லை, பேராசிரியரும் இல்லை. மெய்ப்புப் பார்ப்பவன். அடுத்தவர் எழுதியதில் ஒற்றுப் பிழையும் காற்புள்ளியும் தேடியே இருபது வருடமாகப் பிழைப்பு ஓடுகிறது. என் தரப்புத் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிற்றிதழிலிருந்து அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கவிதைகள் ஆறு, மொழிபெயர்ப்பில், என் மேசைக்கு வந்தன. வரிக்கு ஒரு கோடு, சில வரிகளில் இரண்டு. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் கோடு. கவிதை முடிகிற இடத்தில்கூட முற்றுப்புள்ளி இல்லை, கோடுதான். தட்டச்சு செய்தவரின் கைப்பழக்கம் என்று நினைத்துவிட்டேன். சிவப்புப் பேனாவால் அத்தனையையும் அடித்து, வேண்டிய இடத்தில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் போட்டு அனுப்பினேன். இதழும் அப்படியே வந்தது. மொழிபெயர்த்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பல மாதம் கழித்து அந்தக் கவிதைகளின் கையெழுத்துப் பிரதிகளை இணையத்தில் பார்த்தேன். அப்போதுதான் 1890இல் பாஸ்டனில் அவருடைய முதல் தொகுப்புக்காக நடந்த அதே வேலையை நானும் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. அங்கேயாவது அதைச் செய்ய இரண்டு பேர் பல மாதம் உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது.

எமிலியின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1830 டிசம்பர் 10 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தாத்தா அந்த ஊர்க் கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவர். அப்பா வழக்கறிஞர், கல்லூரியின் பொருளாளர், ஒரு தவணை அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர். எமிலி மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தில் ஒரு வருடத்துக்கும் குறைவாகப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்த அதே வீட்டில் 1886 மே 15 அன்று இறந்தார். எழுதியவை ஏறத்தாழ 1,800 கவிதைகள். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை பத்துச் சொச்சம், அதுவும் பெயர் போடாமல்.

அந்தப் பத்தில் ஒன்றின் கதையை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். மெய்ப்புப் பார்ப்பவன் ஒவ்வொருவனும் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய கதை அது.

1866 பிப்ரவரி 14. ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன் நாளிதழில் ‘பாம்பு’ என்ற தலைப்பில் ஒரு கவிதை வந்தது. தலைப்பு அவர் வைத்ததல்ல. கவிதைக்குள் பாம்பு என்ற சொல்லே கிடையாது. புல்லுக்குள் அவ்வப்போது சவாரி போகிற ஒடுங்கிய ஆசாமி ஒருவரைப் பற்றி விடுகதை போடுவதுபோல நகரும் கவிதை. தலைப்பிலேயே விடையைப் போட்டு உடைத்துவிட்டார்கள். போகட்டும் என்றால், மூன்றாம் வரியின் கடைசியில் அச்சகத்தில் ஒரு நிறுத்தற்குறியையும் சேர்த்துவிட்டார்கள். ‘நீங்கள் பார்த்ததில்லை என்றால்’ என்று நான்காம் வரிக்குள் வழுக்கிப் போக வேண்டிய சொற்கள், ‘பார்த்திருப்பீர்கள்தானே’ என்று அங்கேயே நின்றுபோயின. பாம்பை நடுவில் வெட்டிய மாதிரி.

அவர் அதை விடவில்லை. ஹிக்கின்சன் என்ற எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கவிதை தன்னிடமிருந்து களவு போனது என்றும், நிறுத்தற்குறியால் மூன்றாம் வரி தோற்றுப்போனது என்றும் எழுதினார். மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுதான் என்று விளக்கமும் சொன்னார். புகழ் வேண்டாம் என்று ஒதுங்கியவர், யார் என்ன செய்தாலும் கண்டுகொள்ளாதவர் என்று நம் முன்னுரைகளில் படிக்கிறோமே, அவர்தான் ஒரே ஒரு குறிக்காக இப்படிக் கொதித்திருக்கிறார்.

இந்த ஹிக்கின்சன் சாதாரண ஆளில்லை. அடிமை ஒழிப்பு இயக்கத்தில் நின்றவர், உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை ஏற்றவர். 1862 ஏப்ரலில் அட்லாண்டிக் மன்த்லி இதழில் இளம் எழுத்தாளர்களுக்கு அவர் எழுதிய அறிவுரையைப் படித்துவிட்டு, எமிலி நான்கு கவிதைகளை அனுப்பி, என் பாட்டுக்கு உயிர் இருக்கிறதா சொல்லுங்கள் என்று கேட்டார். கடிதத்தில் கையெழுத்து இல்லை. தனியாக ஒரு சின்ன உறைக்குள் அட்டை ஒன்று வைத்து அதில் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார். ஹிக்கின்சனுக்குக் கவிதையின் நடை ஒழுங்கில்லாமல் பட்டது. எமிலி பணிவாகப் பதில் எழுதினார், போகப்போக ‘உங்கள் மாணவி’ என்றே கையெழுத்திட்டார், கவிதையில் மட்டும் எதையும் மாற்றவில்லை. இருபது வருடத்துக்கு மேல் நடந்த கடிதப் போக்குவரத்தில் குருவின் பேச்சை ஒருமுறைகூடக் கேட்காத மாணவி!

எமிலி இறந்தபின் தங்கை லவினியா அறையில் இருந்த பெட்டியைத் திறந்தார். அக்காவுக்கு வந்த கடிதங்களை, அக்கா சொன்னபடியே எரித்துவிட்டார். கவிதைகளைப் பற்றி அப்படி எந்த உத்தரவும் இல்லை. எழுதுதாளை மடித்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஓரத்தில் ஊசியால் குத்தி நூல் கோத்துத் தைத்த சிறு கட்டுகள் நாற்பது இருந்தன. அவற்றில் மட்டுமே 800க்கு மேற்பட்ட கவிதைகள். தைக்காத தாள்களும், கடித உறையைப் பிரித்து உட்புறத்தில் எழுதியவையும் தனி. தேங்காய் கேக் செய்முறை எழுதிய தாளின் பின்பக்கத்தில்கூட ஒரு கவிதை இருக்கிறது, திரும்பி வராதவை சில உண்டு என்று தொடங்குவது. இந்த அம்மையார் 1856இல் ஊர்க் கால்நடைக் கண்காட்சியில் கம்பரிசி ரொட்டிக்கு, அதாவது ரை தானியமும் மக்காச்சோளமும் கலந்த ரொட்டிக்கு, இரண்டாம் பரிசு வாங்கியவர். (பார்த்தீர்களா, ரையைக் கம்பரிசி என்று முதலில் எழுதிவிட்டேன். அடித்துவிட்டு மாற்றியிருக்கலாம், உங்கள் கஷ்டம் எனக்கும் தெரியும் என்பதற்காக விட்டுவைக்கிறேன்.)

கவிதைகளை அச்சுக்குக் கொண்டுவந்தவர் மேபல் லூமிஸ் டாட். எமிலியின் அண்ணன் ஆஸ்டினுடைய காதலி. எமிலியை நேருக்கு நேர் ஒருமுறைகூடப் பார்க்காதவர். அந்தக் கையெழுத்தைப் படிப்பது லேசான வேலை இல்லை. வருடக்கணக்கில் உட்கார்ந்து படியெடுத்தார். ஹிக்கின்சனும் அவரும் சேர்ந்து 1890 நவம்பரில் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். கோடுகளை எடுத்தார்கள், எதுகை உதைத்த இடத்தில் சொல்லை மாற்றினார்கள், தலைப்பு வைத்தார்கள், வாழ்க்கை, காதல், இயற்கை, காலமும் நித்தியமும் என்று நான்கு கூறாகப் பிரித்தார்கள். மேபலைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவர் இல்லையென்றால் நமக்கு ஒரு வரிகூடக் கிடைத்திருக்காது. ஆனால் அந்தப் புத்தகம்தான் இன்றுவரை நம்மைத் தடுக்கி விழவைக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். மரணத்துக்காக நிற்க எனக்கு நேரமில்லை, அதனால் அதுவே எனக்காக நின்றது என்று தொடங்கும் கவிதை உங்களில் பாதிப் பேர் மொழிபெயர்த்ததுதான். 1890 பதிப்பில் அதற்கு ‘தேர்’ என்று தலைப்பு. கவிதையில் வருவது கோச்சு வண்டி. தமிழில் தேர் என்றதும் வடக்கயிறும் முட்டுக்கட்டையும் வந்து நிற்கும். அது இருக்கட்டும். கையெழுத்தில் அந்தக் கவிதைக்கு ஆறு பத்திகள். 1890இல் ஐந்துதான். நான்காவதைத் தூக்கிவிட்டார்கள். அந்த நான்காவதில்தான் பேசுபவர் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறார்: சூரியனைக் கடந்து போனோம் என்று முந்திய பத்தியில் சொன்னவர், இல்லை, சூரியன்தான் எங்களைக் கடந்து போனது என்கிறார். மெல்லிய ஆடையில் பனி ஏறிக் குளிர் நடுக்குகிறது. செத்துப்போனது தெரியவருகிற இடமே அதுதான். ஆகவே என் தொழில்முறைச் சோதனை ஒன்று: பத்தியை எண்ணுங்கள். ஐந்து இருந்தால் நீங்கள் மொழிபெயர்த்தது டிக்கின்சனும் ஹிக்கின்சனும் மேபலும் சேர்ந்து எழுதிய கவிதை.

இன்னொன்று, ‘நான் யாருமில்லை’ என்ற கவிதை. நீயும் யாருமில்லையா, அப்படியானால் வெளியே சொல்லாதே, சொன்னால் நம்மை விரட்டிவிடுவார்கள் என்றுதான் தமிழில் பெரும்பாலும் படித்திருக்கிறேன். அது 1891இல் அச்சான வடிவம். கையெழுத்தில் முதலில் இருப்பது ‘விளம்பரப்படுத்திவிடுவார்கள்’ என்ற சொல். ‘விரட்டிவிடுவார்கள்’ என்பது அவரே கீழே எழுதி வைத்த மாற்றுச்சொல். ஊரை விட்டுத் துரத்துவதும் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிப்பதும் ஒன்றா? தவளைபோல ஜூன் மாதம் முழுக்கச் சேற்றைப் பார்த்துத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பது எவ்வளவு அலுப்பு என்று அடுத்த பத்தி போகிறது. அதற்கு எது பொருந்துகிறது என்று நீங்களே பாருங்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அவருடைய ஆங்கில மூலங்கள் பெரும்பாலும் பழைய பதிப்புகள்தான். காரணம் எளிது. அவற்றுக்கு உரிமைத் தொல்லை கிடையாது. மேபலும் லவினியாவும் ஒரு துண்டு நிலத்துக்காக 1898இல் நீதிமன்றம் போனார்கள், மேபல் தோற்றார், கையில் இருந்த கவிதைகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். மீதி, எமிலியின் அண்ணி சூசன் வழியாக அவர் மகள் மார்த்தாவிடம் இருந்தது. இரண்டு வீட்டு வாரிசுகளும் மாறி மாறித் தொகுப்புகள் போட்டார்கள். ஒரு பங்கு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கும் மறு பங்கு ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்கும் போனது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, கோடுகளோடு, தாமஸ் ஜான்சன் பதிப்பித்தது 1955இல். கவிஞர் இறந்து 69 வருடம் கழித்து! அப்புறம் ஃபிராங்க்ளின் என்பவர் வந்தார். பதிப்பாசிரியர்கள் பிரித்துப் போட்டிருந்த கட்டுகளை, தாளில் இருந்த ஊசித் துளைகளையும் கறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பழைய வரிசையில் அடுக்கி, 1981இல் அப்படியே நிழற்படமாக வெளியிட்டார். எந்தத் துளை எந்தத் துளையோடு சேர்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. 1998இல் அவர் கொண்டுவந்த பதிப்பில் 1,789 கவிதைகள்.

ஜான்சன், ஃபிராங்க்ளின் பதிப்புகளை வாங்க உங்களுக்கு வசதிப்படாமல் போகலாம். புரிகிறது. ஆனால் 2013 முதல் கையெழுத்துப் பிரதிகளே இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கைப்பேசியில் விரலால் விரித்துப் பார்க்கலாம். நான் பார்த்தது அப்படித்தான்.

என்ன தெரிகிறது என்றால், ஒரு சொல்லின் தலைக்குமேல் சின்னக் கூட்டல் குறி இருக்கும். கவிதை முடிந்ததும் அடியில் அதே குறி போட்டு வேறு ஒரு சொல், சில நேரம் மூன்று நான்கு. மேலே இருப்பதை அடிக்கவும் இல்லை, கீழே இருப்பதைத் தேர்ந்துவிட்டதாகச் சொல்லவும் இல்லை. விவிலியத்தைப் பற்றிய கிண்டல் கவிதை ஒன்றில், கதையைப் பாடிப் பாடிச் சொல்பவர் இருந்தால் எல்லாப் பையன்களும் வந்துவிடுவார்கள் என்கிறார். அந்தப் ‘பாடிப் பாடி’ இடத்துக்கு அவர் வரைவில் குறித்துப் பார்த்த சொற்கள் பத்துக்கு மேல்: மூச்சிரைக்க, நெஞ்சாரச் சிரித்து, விசாலமாய், மாயமாய், காரசாரமாய், கனிந்து என்று போகிறது பட்டியல். பாடபேதம் என்ற சொல் நம் பதிப்புலகில் புழங்குவதுதான். ஏடு கைமாறிக் கைமாறி வந்ததில் நேர்ந்த வேறுபாட்டுக்கு அப்படிச் சொல்கிறோம். இங்கே கவிஞரே பாடபேதத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடிக்குறிப்பில் ஒரு வரி ஒதுக்கினால் அவற்றையும் தமிழில் தரலாமே. தாளுக்கு ஆகிற செலவு பெரிதில்லை.

கோடுகளைப் பற்றி ஒரு எதிர்வாதமும் உண்டு, மறைக்கக் கூடாது. அவர் கடிதத்திலும் சமையல் குறிப்பிலும்கூட இதே கோடுகளைப் போடுகிறார், ஆகவே கவிதையில் மட்டும் அவற்றுக்குப் பெரிய அர்த்தம் தேடாதீர்கள் என்று சொன்ன ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அவர் பெரும்பாலும் எழுதியது தேவாலயப் பாட்டின் யாப்பில். எட்டு அசை, ஆறு அசை, மறுபடி எட்டு, ஆறு. நம் ஊர்த் தேவாலயங்களில் பாமாலை பாடி வளர்ந்தவர்களுக்கு அந்த மெட்டு காதிலேயே இருக்கும். ஊரே ஒரே மூச்சில் பாடுகிற மெட்டை எடுத்து, நடு வரியில் ஒரு கோட்டைப் போட்டு மூச்சை நிறுத்துகிறார். மவுண்ட் ஹோலியோக்கில் மாணவிகளை இரட்சிப்புக்கு நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்தபோது நம்பிக்கை இல்லாதவர் பக்கம் இருந்தவர் இவர். அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பாமாலை. 1890இல் நடந்தது அதுதான், என் மேசையில் நடந்ததும் அதுதான்.

தமிழுக்கே உரிய சிக்கல்களும் இருக்கின்றன, அதில் உங்கள் மேல் எனக்குப் பரிதாபம்தான். கோச்சு வண்டியில் வரும் மரணம் அவனா, அவரா? ஆங்கிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலும் ‘அவன்’ என்று போடுகிறோம். சிலர் எமன் என்றே போட்டுவிடுகிறார்கள், எருமையும் பாசக்கயிறும் கூடவே வந்துவிடுகின்றன. எனக்கென்னவோ ‘அவர்’தான் சரி என்று படுகிறது. வண்டியை வாசலில் நிறுத்தி, மரியாதையாக ஏற்றிக்கொண்டு, அவசரப்படாமல் ஓட்டிப் போகிற கனவான் அவர். பயம் அந்த மரியாதையில்தான் இருக்கிறது.

பறவை விஷயத்தில் மட்டும் பரிதாபப்பட மாட்டேன். ராபினைக் குயிலாக்கிய மொழிபெயர்ப்பு ஒன்று கண்ணில் பட்டது. தமிழ் வாசகருக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று செய்திருப்பார்கள். ஆனால் டிக்கின்சனின் ஒரு கவிதை ராபின்தான் என் இசைக்கு அளவுகோல், ராபின் வளரும் இடத்தில் நான் வளர்வதால் என்று தொடங்கி, குயிலோடு பிறந்திருந்தால் குயில்மேல் சத்தியம் செய்திருப்பேன் என்று சொல்லி, நான் நியூ இங்கிலாந்துக் கண்ணால் பார்க்கிறேன் என்கிறது. நியூ இங்கிலாந்து அவர் வாழ்ந்த வட்டாரம். இதில் ராபினைக் குயிலாக்கினால் கவிதை என்ன ஆகும்? பள்ளி வயதில் 424 செடிகளைப் பறித்து, உலர்த்தி, பலவற்றுக்கு லத்தீன் பெயர் எழுதி ஒட்டி வைத்தவர் அவர். அந்த ஏடு இன்றும் ஹார்வர்டில் இருக்கிறது. அவரிடம் பூவையும் பறவையையும் மாற்றி வைப்பது, சித்த வைத்தியரிடம் எல்லாம் பச்சிலைதானே என்று சொல்வது மாதிரி.

முன்னுரைகளைப் பற்றியும் கொஞ்சம். வெள்ளை உடை, பூட்டிய அறை, கைகூடாத காதல். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை முன்னுரை எழுதுவது? வெள்ளை உடை உண்மைதான், ஒன்று மிஞ்சியும் இருக்கிறது. கடைசிக் காலத்தில் வெளியே போவதைக் குறைத்ததும் உண்மை. ஆனால் அடுத்த வீட்டில் இருந்த அண்ணி சூசனுக்கு மட்டும் 250க்கு மேற்பட்ட கவிதைகளை அனுப்பியிருக்கிறார். பளிங்கு அறைகளில் உறங்கும் இறந்தவர்களைப் பற்றிய கவிதைக்கு இரண்டாம் பத்தி சரியில்லை என்று சூசன் சொல்ல, வேறொன்று எழுதி அனுப்ப, அதுவும் முதல் பத்திக்கு ஈடாகவில்லை என்று சூசன் பதில் எழுத, இரண்டு வீட்டுக்கும் நடுவில் சீட்டுகள் போய்வந்திருக்கின்றன. தனிமையில் தவம் இருந்தவர் செய்கிற வேலையா இது? அந்தச் சூசனின் பெயர் பழைய கடிதங்களில் சுரண்டப்பட்டிருக்கிறது. அவரைப் பற்றிய ஒரு கவிதை முழுக்க மைபூசி மறைக்கப்பட்டிருக்கிறது. காட்டு இரவுகளைப் பற்றிய காதல் கவிதையை அச்சிட ஹிக்கின்சன் தயங்கினார், அந்தக் கன்னித் துறவி கனவிலும் நினைக்காததைத் தீய மனம் படைத்தவர்கள் அதில் படித்துவிடுவார்களாம். நம் முன்னுரைகளில் உலவும் ‘கன்னித் துறவி’ அந்த வாக்கியத்திலிருந்து இறங்கி வந்தவர்தான். அவருடைய கவிதைகளில் சுமார் பாதி 1861 முதல் 1865க்குள், அதாவது உள்நாட்டுப் போர் நடந்த வருடங்களில் எழுதப்பட்டவை என்பதற்கு முன்னுரையில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

அடுத்த தொகுப்பு தயாராகிறது என்று கேள்விப்படும் போதெல்லாம் நான் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்தப் பதிப்பிலிருந்து மொழிபெயர்த்தீர்கள் என்று முதல் பக்கத்தில் போடுங்கள். கவிஞர் வைக்காத தலைப்பை நீங்களும் வைக்காதீர்கள். முதல் வரியே போதும். மெய்ப்பு என் போன்ற ஆளிடம் போகும்போது ‘கோடுகளைத் தொட வேண்டாம்’ என்று மேலே பெரிதாக எழுதி அனுப்புங்கள்.

அப்புறம், கோடு எந்த நீளம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஜான்சன் சற்று நீளமாகப் போட்டார், ஃபிராங்க்ளின் ஹைஃபன் அளவுக்குக் குறுக்கினார். கையெழுத்திலோ சில மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன, சில கீழே இறங்குகின்றன, சில புள்ளியைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. நம் எழுத்துருக்களில் இருப்பது மூன்று அளவு. நடுவில் இருப்பதைப் போட்டு, இரண்டு பக்கமும் ஓர் இடைவெளி விட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இப்படிக்கு,
உங்கள் மெய்ப்புத் திருத்துநர்களில் ஒருவன்